டர்போ காருக்குத் தனி இசியு: சிங்கப்பூரில் முதல்முறை மாற்றுவோருக்கு

தொழிற்சாலையில் பொருத்திய இசியுவை, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியைக் கழற்றிவிட்டு, எரிபொருளையும் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) பூஸ்டையும் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) நாமே அமைக்கக்கூடிய ஸ்டாண்டலோன் இசியு போடுவது பார்ப்பதற்குப் பெட்டியை மாற்றும் வேலைபோல் இருக்கும். பெட்டி மாறுவது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பெட்டி எஞ்சினை நேரில் பார்ப்பதில்லை, சென்சர்கள் சொல்வதை மட்டும்தான் நம்புகிறது. சென்சர் பொய் சொன்னால் டியூன் எவ்வளவு கவனமாகச் செய்திருந்தாலும் பிஸ்டன் போய்விடும். ஆகவே இந்தக் கட்டுரையில் டைனோவைவிட (காரை உருளைகள்மேல் ஓட்டி அளக்கும் கருவி) டைனோவுக்கு முந்திய வேலைக்குத்தான் அதிக இடம்.

உதாரணத்துக்கு மிட்சுபிஷி லான்சர் எவோலூஷன் 9-ஐ எடுத்துக்கொள்கிறோம். அதன் 4ஜி63 எஞ்சின் 1,997 சிசி, போர் 85 மிமீ, ஸ்ட்ரோக் 88 மிமீ, கம்ப்ரஷன் 8.8, பயரிங் ஆர்டர் 1-3-4-2. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், நிசான் சில்வியா வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதேதான். எண்கள் மட்டும் மாறும்.

உங்கள் காருக்கு இது தேவையா

டர்போவோ இன்ஜெக்டரோ பெரிதாக மாறியிருந்தால், ஏர்ஃப்ளோ சென்சர் தன் எல்லையைத் தொட்டுவிட்டால், எஞ்சினைக் காக்கும் கட்டுப்பாடுகள் வேண்டுமென்றால், தேவை. எல்லாம் ஒரிஜினலாக இருக்கும் காருக்கு ஏற்கெனவே உள்ள இசியுவை ரீமேப் செய்வதே மலிவு, பாதுகாப்பும் கூட.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பாய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் கார்களை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். அவற்றின் இன்ஜெக்டர்களைத் திறக்க 65 வோல்ட் அளவில் உயர்மின்னழுத்தம் வேண்டும், உயர் அழுத்த பம்ப்பையும் நேரம் பார்த்து இயக்க வேண்டும். தவிர, மீட்டர், கியர்பாக்ஸ், ஏபிஎஸ் எல்லாம் கேன் பஸ் என்னும் ஒயர் வலை வழியாக இசியுவோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். நடுவிலிருப்பவரை எடுத்துவிட்டால் டாஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்கு எரியும்.

வாங்கும்போது உங்கள் மாடலுக்கென்றே வந்த ப்ளக்-இன் வகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லிங்க், ஹால்டெக் போன்றவற்றில் எவோ, டபிள்யூஆர்எக்ஸ் மாடல்களுக்கு அப்படி உண்டு. ப்ளக்-இன் இல்லாவிட்டால் இடையில் செருகும் பேட்ச் ஹார்னஸ் (இணைப்பு ஒயர்க் கட்டு) தேடுங்கள். ஒரிஜினல் ஹார்னஸை வெட்டுவது கடைசி வழி. இந்த ஊரில் காரை எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டிவரும் என்று நினைத்தே எல்லாவற்றையும் செய்யுங்கள். கழற்றிய இசியுவை விற்றுவிடாதீர்கள்.

பட்ஜெட் போடும்போது இசியு விலையை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வைட்பேண்ட் (எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சர்), பிரஷர் சென்சர்கள், காற்று வெப்பநிலை சென்சர், பூஸ்ட் சொலனாய்டு, இன்ஜெக்டர், பம்ப், ரிலே, டைனோ நேரம் என்று பட்டியல் நீளும்.

ஒப்புதல், பரிசோதனை

பொருள் வாங்குவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தைத் திறந்து வாகன மாற்றங்கள் பகுதியைப் படியுங்கள். ஒப்புதல் இல்லாமலே செய்யலாம், ஒப்புதல் பெற்றுச் செய்யலாம், செய்யவே கூடாது என்று மூன்று வகை உண்டு. இசியுவோடு சேர்த்து எக்ஸாஸ்ட், டர்போ, இன்டர்கூலர் என்று நீங்கள் மாற்றப்போகும் ஒவ்வொன்றும் எந்த வகையில் வருகிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆணையத்தையே எழுத்தில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரியப்படுத்துங்கள். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் வாகனப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். சிஓஇ புதுப்பித்து ஓடும் எவோ 9-கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஐட்லிங்கில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகித அளவு; 1.0-க்குக் கீழே பெட்ரோல் அதிகம், அதாவது ரிச்; மேலே குறைவு, அதாவது லீன்) 1.0-ஐ ஒட்டி நிற்கும்படி டியூன் செய்தால் புகைப் பரிசோதனையில் கார் திணறாது. வேண்டுமென்றே ரிச்சாக ஓடும் ஐட்லிங் கன்வெர்ட்டரையும் கெடுக்கும், பரிசோதனையிலும் மாட்டிவிடும்.

எஞ்சின் நலமா என்று முதலில் பாருங்கள்

நோயுள்ள எஞ்சினை டியூன் செய்ய முடியாது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டர்போவின் வாயை அடைத்து, எவ்வளவு பூஸ்டில் ஓட்டப்போகிறீர்களோ அந்த அழுத்தத்துக்குக் காற்று அடித்து சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். பைப் கிளாம்பில் நுரை கிளம்பினால் அங்கே கசிவு. ப்ளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மிமீ. இடைவெளி அதிகமானால் பூஸ்ட் ஏறும்போது தீப்பொறி அணைந்துபோகும். மிஸ்ஃபயர் ஆகும்போது எரியாத ஆக்சிஜன் எக்ஸாஸ்டில் போய் வைட்பேண்டில் "லீன்" என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் மிஸ்ஃபயர் இன்னும் மோசமாகும். தொடக்கத்தில் பலர் இந்தச் சுழலில் சிக்கிக்கொண்டு நாள்கணக்கில் அலைகிறார்கள்.

இன்ஜெக்டர் அளவுக்குக் கணக்கு எளிது. டர்போ எஞ்சினுக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 6.3 சிசி பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 350 குதிரைத்திறனுக்கு 2,205 சிசி. நான்கால் வகுத்தால் 551. இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 0.8-ஆல் வகுக்க, 689 வரும். 750 சிசி இன்ஜெக்டர் வாங்கினால் நிம்மதி. வாங்கும்போதே அதன் டெட் டைம் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மின்சாரம் கொடுத்ததும் இன்ஜெக்டர் உடனே திறந்துவிடாது. 14 வோல்ட்டில் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் போகும், மின்னழுத்தம் இறங்க இறங்க இன்னும் நேரமாகும். இந்த அட்டவணை தவறாக இருந்தால் ஏர்கானும் ஹெட்லைட்டும் ரேடியேட்டர் ஃபேனும் ஒன்றாக ஓடும் இரவில் ஐட்லிங் காரணமே தெரியாமல் ஆடும். அட்டவணை கிடைக்காத இன்ஜெக்டர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

சென்சர்கள்

எவோவின் ஒரிஜினல் ஏர்ஃப்ளோ சென்சர் ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கும். அதே கூட்டுக்குள்தான் காற்று வெப்பநிலை சென்சரும் வளிமண்டல அழுத்த சென்சரும். தனி இசியுவில் பெரும்பாலும் மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடுவதால் ஏர்ஃப்ளோ சென்சரைக் கழற்றிவிடுவார்கள். கூடவே வெப்பநிலை சென்சரும் போய்விடும் என்பது பலருக்கு நினைவில் இருக்காது. கழற்றாமல் விட்டாலும் பயனில்லை. அது டர்போவுக்கு முன்னால் இருப்பதால், டர்போ சூடாக்கிய காற்றைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஆகவே புதிதாக ஒரு காற்று வெப்பநிலை சென்சர் போடுங்கள். முனை திறந்த, பிளாஸ்டிக் உடல் கொண்ட வேகமான வகையாக இருக்கட்டும். இடம்: இன்டர்கூலரிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் பைப். இன்டேக் மேனிஃபோல்டில் துளை போட்டுச் செருகாதீர்கள்.

காரணத்தை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் இதுதான் நம் ஊரில் டர்போ கார்களைக் கெடுக்கும் விஷயம். வெள்ளிக்கிழமை மாலை, உட்லண்ட்ஸ் காஸ்வேயில் ஒரு மணி நேரமாகக் கார் ஊர்கிறது. வெளியே 32 டிகிரி. எஞ்சின் அறைக்குள் மேனிஃபோல்ட் இரும்புச் சட்டிபோல் காய்ந்து கிடக்கிறது. அதில் திருகியிருக்கும் சென்சர் அந்த உலோகத்தின் சூட்டைத்தான் வாங்கி 65 டிகிரி என்கிறது. தடை விலகியதும் நீங்கள் மிதிக்கிறீர்கள். உள்ளே பாயும் காற்று உண்மையில் 45 டிகிரி. 65 டிகிரிக் காற்று அடர்த்தி குறைந்தது என்று இசியு பெட்ரோலைக் குறைத்துக் கணக்குப் போடுகிறது. கெல்வினில் 318-ஐ 338-ஆல் வகுத்தால் 0.94. அதாவது வேண்டியதைவிட 6 சதவீதம் குறைந்த பெட்ரோலோடு எஞ்சின் பூஸ்டுக்குள் போகிறது. நெரிசலே இல்லாத டைனோவில் இது கடைசிவரை தெரியாது.

சென்சரை பைப்பில் வைத்தாலும் கொஞ்சம் சூடு ஏறத்தான் செய்யும். அதற்காக நல்ல இசியுக்களில் கூலன்ட் வெப்பநிலையையும் காற்று வெப்பநிலையையும் காற்றோட்டத்துக்கேற்ப கலந்து கணக்கிடும் அட்டவணை உண்டு. ஐட்லிங்கில் கூலன்டுக்குச் சற்று அதிக எடை, காற்றோட்டம் கூடும்போது காற்று சென்சருக்கு முழு எடை. இந்த அட்டவணையை அமைத்துத் தருவாரா என்று டியூனரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மேனிஃபோல்ட் பிரஷர் சென்சரை வொர்க்ஷாப்பில் மேப் சென்சர் என்பார்கள். 1.3 பார் பூஸ்ட் என்றால் வளிமண்டலத்தையும் சேர்த்து 2.3 பார். 3 பார் சென்சர் போதும். அதற்குப் போகும் ஹோஸ் த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டிலிருந்து தனியாக வரட்டும். புளோ-ஆஃப் வால்வுக்குப் போகும் குழாயிலிருந்து டி-ஜாயின்ட் போட்டு எடுத்தால் அளவு துள்ளிக்கொண்டே இருக்கும்.

வைட்பேண்டுக்கு போஷ் எல்எஸ்யு 4.9 பரவலாகப் பயன்படுவது. டர்போவிலிருந்து ஒரு மீட்டர் அளவு தள்ளி, கன்வெர்ட்டருக்கு முன்னால், கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட கோணத்தில் வைக்க வேண்டும். தலை கீழ்நோக்கி இருந்தால் எக்ஸாஸ்டில் தேங்கும் நீர் சூடான செராமிக்கில் பட்டு வெடிப்பு விழும். எஞ்சின் ஓடும்போது சென்சருக்கு மின்சாரம் இல்லாமலும் விடக் கூடாது, சூடேறாத சென்சரில் கரி படிந்து கெட்டுவிடும்.

நாக் சென்சருக்கு (சிலிண்டரில் கலவை தானாகவே வெடிக்கும் நாக் ஒலியைக் கேட்பது) அலைவரிசை அமைக்க வேண்டும். 1,800-ஐப் பை (π, 3.14) எண்ணாலும் மில்லிமீட்டரில் போர் அளவாலும் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில் விடை வரும். 85 மிமீ போருக்கு 6.7. அந்த இடத்தில் எஞ்சினின் சொந்த இரைச்சல் அதிகமென்றால் இரட்டிப்பான 13.5-ல் கேட்டுப் பாருங்கள்.

எண்ணெய் அழுத்தத்துக்கும் பெட்ரோல் அழுத்தத்துக்கும் ஆளுக்கொரு சென்சர். இவ்விரண்டையும் செலவு என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நம் கருத்தில் குதிரைத்திறன் கூட்டும் எந்தப் பொருளையும்விட இவை முதலில் வாங்க வேண்டியவை.

ஒயரிங்

சென்சர்களின் எர்த் ஒயர்கள் எல்லாம் இசியுவின் சென்சர் எர்த் பின்னுக்கே திரும்பி வர வேண்டும். அருகில் இருக்கிறதே என்று பாடியில் எங்காவது திருகிவிட்டால், ஃபேன் ஓடும்போதெல்லாம் கூலன்ட் அளவு நான்கைந்து டிகிரி குதிக்கும். இசியுவின் பவர் எர்த் எஞ்சின் ஹெட்டிலோ பிளாக்கிலோ, பெயின்ட் சுரண்டிய சுத்தமான உலோகத்தில் போகட்டும். பிறகு கிராங்க் செய்யும்போது இசியு எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

கிராங்க், கேம் சென்சர் ஒயர்கள் ஷீல்டு உள்ளவையாக, காயில் ஒயர்களை ஒட்டிப் போகாமல் இருக்க வேண்டும். ஷீல்டை இசியு பக்கத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள். பெட்ரோல் பம்ப்புக்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், தனி ரிலே, தனி ஃப்யூஸ். பழைய மெல்லிய ஒயரிலேயே பெரிய பம்ப்பை ஓட்டினால் பம்ப்புக்கு 12 வோல்ட்கூடப் போய்ச் சேராது. டியூனர் பெட்ரோலைக் கூட்டக் கூட்ட லாம்டா நகராமல் நிற்கும்.

இந்தக் காற்றின் ஈரத்துக்குக் கனெக்டர்களில் பச்சை பூப்பது சீக்கிரமே நடக்கும். ரப்பர் சீல் உள்ள கனெக்டராக வாங்குங்கள். இசியுவைக் கால் வைக்கும் தரைவிரிப்புக்கு அடியில் வைக்காதீர்கள், ஏர்கான் தண்ணீர் கசிந்தால் அங்கேதான் தேங்கும்.

சாவி போட்டு, எஞ்சின் போடாமல்

லேப்டாப்பை இணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து ஒவ்வொரு சென்சராகப் பாருங்கள். சிங்கப்பூர் கடல்மட்டத்தில் இருப்பதால் மேப் சென்சர் 100, 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 95 என்றோ 110 என்றோ வந்தால் கேலிப்ரேஷன் தவறு. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் கூலன்டும் காற்றும் ஒரே அளவைக் காட்ட வேண்டும், 27 அல்லது 28 டிகிரி. ஒன்று 28, மற்றது 41 என்றால் தவறான சென்சர் வகையைத் தேர்ந்திருக்கிறீர்கள். போஷ் என்டிசி சென்சரைக் கழற்றி ஓம் மீட்டரில் பார்த்தால் 20 டிகிரியில் 2,500 ஓம், 30 டிகிரியில் 1,700 ஓம் அளவில் வரும். த்ராட்டில் மூடியிருக்கையில் 0, முழுக்க மிதித்தால் 100. மிதியை மெல்ல அழுத்தும்போது நடுவில் எங்கும் குதிக்கக் கூடாது.

இசியு மென்பொருளில் டெஸ்ட் வசதி இருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரையும் காயிலையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். "1" என்று கொடுத்தால் முதல் சிலிண்டர் இன்ஜெக்டர்தான் டிக் என்று ஒலிக்க வேண்டும். இன்ஜெக்டர் டெஸ்ட்டின்போது பெட்ரோல் பம்ப் ஓடக் கூடாது. ஓடினால் சிலிண்டரில் பெட்ரோல் நிரம்பிவிடும். காயிலுக்கு டுவெல் நேரம் (காயிலில் மின்சாரம் ஏற்றும் நேரம்) 14 வோல்ட்டில் பொதுவாக 2.5 முதல் 4 மில்லிசெகண்ட், சரியான எண்ணைக் காயில் தயாரித்தவரின் தாளில் பாருங்கள். அதிகமாகக் கொடுத்தால் காயில் கருகும்.

டைமிங் லைட்

இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். இசியு திரையில் 10 டிகிரி என்று காட்டுவது கிராங்க்கில் உண்மையிலேயே 10 டிகிரிதானா என்று கண்ணால் பார்க்கும் வழி இது மட்டுமே.

கிராங்க் புல்லியில் உள்ள சின்ன வெட்டைத் தேடித் துடைத்து, அதில் வெள்ளை பெயின்ட் ஒரு கோடு போடுங்கள். டைமிங் கவரில் உள்ள அளவுகோலின் 10 டிகிரிக் கோட்டிலும் ஒரு புள்ளி. இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, இசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். கிராங்க் செய்யும்போது திரையில் ஆர்பிஎம் 200-ஐ ஒட்டி நிலையாக நிற்க வேண்டும், ட்ரிக்கர் (கிராங்க், கேம் சென்சர் தரும் சிக்னல்) எரர் கவுன்ட் ஏறக் கூடாது, எண்ணெய் அழுத்தம் எழ வேண்டும். ஆர்பிஎம் 0-வுக்கும் 600-க்கும் இடையில் துள்ளினால் ட்ரிக்கர் அமைப்போ ஒயரிங்கோ தவறு, அங்கேயே நிறுத்துங்கள்.

இப்போது லைட்டை அடியுங்கள். வெள்ளைக் கோடு 10-ல் அசையாமல் நிற்கும் வரை ட்ரிக்கர் ஆஃப்செட் எண்ணை மாற்றுங்கள். எவோவில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்குத் தீப்பொறி தருவதால், டிகிரி திருப்பும் குமிழ் உள்ள லைட் தவறான விடை காட்டும். குமிழை 0-வில் வைத்து, கோட்டை மட்டும் பாருங்கள்.

பிறகு இன்ஜெக்டர்களை மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, டைமிங் இன்னும் பூட்டிய நிலையிலேயே, 4,000 ஆர்பிஎம்முக்கு மெல்ல ஏற்றி மீண்டும் லைட் அடியுங்கள். கோடு இடம் நகரக் கூடாது. வேகம் ஏற ஏறக் கோடு ஒரு பக்கமாக விலகிப் போனால், காந்த வகை சென்சரில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கலாம், அல்லது தாமதச் சரிக்கட்டல் எண் தவறாக இருக்கலாம். திரையில் 10, கிராங்க்கில் 15 என்று விட்டுவிட்டால் டியூனர் போடும் ஒவ்வொரு எண்ணிலும் 5 டிகிரி கள்ளமாகக் கூடியிருக்கும். முழு பூஸ்டில் அந்த 5 டிகிரி நாக் ஆகும். எதிர்ப்பக்கம் தவறினால் எஞ்சின் சோம்பும், எக்ஸாஸ்ட் சிவக்கும், டர்போ சீக்கிரம் போகும்.

ஐட்லிங்கும் ஏர்கானும்

முதல் ஸ்டார்ட்டில் லாம்டா 0.9 அளவில் இருந்தாலும் கவலையில்லை. சூடேறியபின் 1.0-க்குக் கொண்டுவாருங்கள். ஐட்லிங் இலக்கு 850 ஆர்பிஎம், டைமிங் 12 முதல் 15 டிகிரி.

வெளிநாட்டு வீடியோக்களில் ஏர்கானைப் பற்றிப் பேச்சே வராது. இங்கே ஏர்கான் ஓடாத நேரமே கிடையாது. கம்ப்ரஸர் பிடித்த நொடியில் ஆர்பிஎம் 850-லிருந்து 600-க்கு விழுந்து எஞ்சின் நின்றுபோவதுதான் புதிதாக இசியு மாற்றிய காரின் வழக்கமான குறை. ஏர்கான் பட்டனின் சிக்னல் இசியுவுக்குள் வரட்டும், கம்ப்ரஸர் ரிலேயை இசியுவே இயக்கட்டும். பட்டனை அழுத்தியதும் ஐடில் வால்வு முதலில் திறக்க வேண்டும், இலக்கு 100 ஆர்பிஎம் கூட வேண்டும், 0.3 முதல் 0.5 நொடி கழித்துத்தான் கம்ப்ரஸர் பிடிக்க வேண்டும். முழு த்ராட்டிலில் கம்ப்ரஸரை விடுவிக்கும் அமைப்பையும் போடுங்கள். ஏர்கான் ஓடும்போதெல்லாம் ஃபேன் ஓட வேண்டும். அதில்லாமலும் கூலன்ட் 92-ல் ஆன், 88-ல் ஆஃப் என்று வைக்கலாம்.

சூடான எஞ்சினை நிறுத்தி இருபது நிமிடம் கழித்துப் போடுவதையும் சோதியுங்கள். சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு வந்தால் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) பெட்ரோல் ஆவியாகியிருக்கும், ஸ்டார்ட் ஆகி உடனே தள்ளாடும். சாவி போட்டதும் பம்ப் ஓடும் நேரத்தை 3 நொடியாக்கி, சூட்டில் ஸ்டார்ட் ஆனபின் முதல் சில நொடிகளுக்குப் பெட்ரோலைச் சற்றே கூட்டினால் சரியாகிவிடும்.

டைனோ

நம் விரைவுச்சாலைகளில் வேக வரம்பு 70 முதல் 90 வரை. முழு பூஸ்ட் டியூனிங்கைச் சாலையில் செய்யச் சட்டமும் இடம் தராது, நெரிசலும் இடம் தராது. டைனோவுக்குப் போங்கள். டியூனரிடம் முதலிலேயே இரண்டு கேள்வி: உங்கள் இசியு பிராண்டில் பழக்கம் உண்டா, முடிந்ததும் கோப்பைப் பூட்டாமல் என்னிடம் தருவீர்களா.

டேங்க்கில் எப்போதும் போடும் பெட்ரோல் இருக்கட்டும். 98 ஆக்டேன் போடுவதாக இருந்தால் 98. வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போகாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங் தரும் மிகக் குறைந்த பூஸ்டில் தொடங்க வேண்டும். முதலில் எரிபொருள் டேபிள். மெல்ல ஓடும்போது லாம்டா 1.0, பூஸ்ட் ஏற ஏற இறங்கி முழு பூஸ்டில் 0.78 முதல் 0.82. பிறகு டைமிங், ஒவ்வொரு டிகிரியாக. ஒரு டிகிரி கூட்டியும் டார்க் ஏறவில்லை என்றால் அந்த டிகிரியைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். அதன்பிறகுதான் பூஸ்ட்.

டைனோ அறையில் ஃபேன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஓட்டத்துக்கு ஓட்டம் இன்டேக் சூடு ஏறும். 60 டிகிரியில் எடுத்த ஓட்டத்தையும் 42-ல் எடுத்ததையும் ஒப்பிட்டுப் பயனில்லை. 45-க்குக் கீழே இறங்கும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள், கட்டணம் ஏறினாலும் பரவாயில்லை. காற்று 45-ஐத் தாண்டினால் டைமிங்கைக் குறைக்கும் அட்டவணையும் வேண்டும். ஒவ்வொரு 5 டிகிரிச் சூட்டுக்கும் 1 டிகிரி டைமிங் என்று தொடங்கி, நாக் லாகை (இசியு பதிவுசெய்த அளவுகள்) பார்த்துச் சரிசெய்யலாம்.

பூஸ்ட் சொலனாய்டு மூன்று வாய் உள்ளதாக, 30 ஹெர்ட்ஸ் அளவில் இயங்கட்டும். டியூட்டி (சொலனாய்டு இயங்கும் நேரச் சதவீதம்) 0-வில் என்ன பூஸ்ட் வருகிறது என்று எழுதிவைத்துக்கொண்டு, ஐந்தைந்து சதவீதமாக ஏற்றுங்கள்.

காவல்

தனி இசியு வாங்கியதன் உண்மையான பலன் இதில்தான். பூஸ்ட் இலக்கைவிட 0.2 பார் கூடினால் கட், அதாவது இசியு எஞ்சினின் சக்தியை உடனே நிறுத்த வேண்டும். பூஸ்ட் 0.8 பாருக்கு மேல் இருக்கையில் லாம்டா 0.88-ஐத் தாண்டி கால் நொடி நின்றால் கட். ரெயில் அழுத்தத்திலிருந்து மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கழித்தால் எப்போதும் 3 பார் வர வேண்டும், அது 2.7-க்கு இறங்கினால் கட். எண்ணெய் அழுத்தம் 1,000 ஆர்பிஎம்முக்கு 0.7 பாருக்குக் கீழே போனால் ஆர்பிஎம் வரம்பு 3,000-க்கு இறங்கட்டும். ஐட்லிங்கில் இந்தக் கணக்கு பொருந்தாது, ஆகவே 1,500-க்கு மேல் மட்டும் இயங்கும்படி வையுங்கள். கூலன்ட் 108 ஆனால் பூஸ்ட் முழுக்க அணையட்டும்.

அமைத்ததோடு விடாமல் ஒவ்வொன்றையும் சோதித்துப் பாருங்கள். பூஸ்ட் கட் எண்ணைத் தற்காலிகமாகக் குறைத்து வைத்து டைனோவில் ஓட்டினால், உண்மையிலேயே கட் ஆகிறதா என்று தெரிந்துவிடும்.

முதல் மாதம்

எல்லா ஓட்டத்தையும் லாக் எடுங்கள்: ஆர்பிஎம், மேனிஃபோல்ட் அழுத்தம், லாம்டா, காற்று வெப்பநிலை, கூலன்ட், பெட்ரோல் அழுத்தம், நாக், பேட்டரி மின்னழுத்தம். ஓட்டுபவர் லேப்டாப்பைப் பார்க்கவே கூடாது. வீட்டுக்கு வந்து திறந்து பாருங்கள். மழையில் ஒருநாள், நண்பகல் நெரிசலில் ஒருநாள், விடியற்காலை முதல் ஸ்டார்ட் ஒருநாள் என்று வெவ்வேறு நிலைகளில் எடுத்த லாக்தான் குறையைக் காட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோப்பைத் தேதியிட்டுத் தனியாகச் சேமியுங்கள். 200 கிலோமீட்டர் ஓடியபின் பூஸ்ட் கிளாம்புகளையும் கனெக்டர்களையும் ஒருமுறை கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள்.

செப்பாங் ட்ராக்குக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கிருந்து முக்கால் டேங்க்குடன்தான் கிளம்ப வேண்டும், அது 98. ஆனால் ட்ராக்கில் அரை நாள் ஓட்டினால் காலி. மலேசியாவில் வெளிநாட்டுக் கார்களுக்கு 95 விற்கத் தடை, பரவலாகக் கிடைப்பது 97. 98-க்கு விளிம்பு வரை டியூன் செய்த டைமிங் அதில் நாக் ஆகலாம், அதுவும் ட்ராக் சூட்டில். டைனோவிலேயே இரண்டாவது டைமிங் டேபிள் ஒன்றை, பூஸ்ட் இருக்கும் பகுதியில் 3 டிகிரி குறைத்து, டாஷ்போர்டில் ஒரு சுவிட்சில் போட்டுத் தரச் சொல்லுங்கள். 97 நிரப்பியதும் சுவிட்சைத் தட்டிவிட்டு, சிங்கப்பூர் திரும்பி 98 இரண்டு முறை முழுக்க நிரப்பும் வரை அந்த டேபிளிலேயே ஓட்டுங்கள்.